மூன்றாம் ஓலை

அன்புள்ள பிரின்ஸ்,

சனிக்கிழமை மத்தியானம் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அறுவடை மிஷின் காலையிலேயே வந்து வயலை முடித்துவிட்டுப் போய்விட்டது. நெல்லைக் களத்தில் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடியும் ஆயிற்று. இனிமேல் சாக்குச் சொல்ல எனக்கு வேலை எதுவும் இல்லை. நாளைக் காலைப் பூசையில் உன்னுடைய மூன்றாம் ஓலையை நான் வாசிக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை, பிப்ரவரி பதினாலு, உன் கல்யாணம். அதற்கு முன்னால் உனக்குச் சொல்லியே ஆகவேண்டிய ஒரு விஷயத்தை இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

போன வாரம் சென்னையிலிருந்து போன் செய்தபோது என்ன கேட்டாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "அப்பா, காதலர் தினத்தை எதிர்த்து நீங்க அந்தக் காலத்துல நோட்டீஸ் எல்லாம் போட்டீங்களாமே! ரிசப்ஷன்ல அந்த நாள் எங்கேருந்து வந்துச்சுன்னு ரெண்டு நிமிஷம் பேசுங்களேன். தமாஷா இருக்கும்" என்றாய். பக்கத்தில் என் மருமகளாக வரப்போகிற மெர்சி சிரிப்பதும் கேட்டது. நானும் சிரித்து வைத்தேன். போனை வைத்ததும் உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்பவாவது அவன்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். சொல்லலாம், சொல்லலாம் என்றேன். மறுநாள் உன் செலின் அத்தை போன் செய்தாள். "மூணாவது ஓலைக்கு நான் வர்றேன்" என்றாள். ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

அத்தை கோவிலுக்கு வருவதில் என்ன பயம் என்று உனக்குத் தோன்றும். தஞ்சாவூரில் பெண்கள் விடுதி வார்டனாக இருக்கிற அத்தை, உன்னைப் பின்னால் பிடித்துக்கொண்டு சைக்கிள் பழக்கிய அத்தை, உனக்கு அம்மை போட்டபோது பதினோரு நாள் லீவு போட்டு வந்து உட்கார்ந்திருந்த அத்தை. ஆனால் என் கூடப்பிறந்த அந்த ஒரே தங்கை, நம் ஊர்க் கோவிலுக்குள் இருபத்தெட்டு வருஷமாகக் கால் வைத்ததில்லை என்பதை நீ கவனித்திருக்கிறாயா? உன் தாத்தா செத்தபோதுகூட வீட்டில் அழுதுவிட்டு நேராகக் கல்லறைக்குத்தான் வந்தாள். அவள் கன்னியர் மடத்தில் சேரப் போய், உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்தவள், அதனால்தான் கல்யாணம் கட்டவில்லை என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். அது பொய். முதலில் அதைச் சொன்னவன் நான். சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லாருக்கும் அதுவே பழகிவிட்டது.

இதை நீ மெர்சியிடம் காட்டினால் அவளோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் சிநேகிதிகளும் படிக்கக்கூடும் என்பதால் ஓலை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கோவில்களில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதை அறிக்கையிடுவார்கள். இன்னார் மகன் இன்னார், இன்னார் மகள் இன்னாரைத் திருமணம் செய்யப் போகிறார், தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசிப்போம். முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. யாரும் வாய் திறக்க மாட்டார்கள். குழந்தைகள் அழும், யாராவது இருமுவார்கள், அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவோம். கோவில் அறிவிப்பு வாசிக்கிறவனாக நான் இத்தனை வருஷமாக நம் ஊரில் எத்தனையோ ஓலை வாசித்திருக்கிறேன். தடை சொன்ன ஒரே ஓர் ஆளைத்தான் எனக்குத் தெரியும். அது நான்.

அருள்தாஸ் என்று ஒருவர். பம்புசெட் மெக்கானிக். கோவில் பாடகர் குழுவில் தபேலா வாசிப்பார். செலினும் அதில் பாடுவாள். அவரும் கத்தோலிக்கர்தான், இதே கோவிலில்தான் ஞானஸ்நானம். ஆனால் வேறு தெரு, வேறு சாதி. கோவிலில் அவர்கள் உட்காரும் பக்கம் வேறு. அப்படி ஒரு சட்டம் கிடையாது, எங்கும் எழுதிப் போட்டதும் கிடையாது, ஆனால் யாரும் மாறி உட்கார்ந்ததில்லை. ஒரு பிப்ரவரி பதினாலாம் தேதி அவர் கொடுத்த வாழ்த்து அட்டை செலினின் பாட்டுப் புத்தகத்துக்குள் இருந்து என் கண்ணில் பட்டது. ரோஜாப்பூ படம் போட்ட சின்ன அட்டை. உள்ளே பெயரைத் தவிர ஒன்றும் எழுதவில்லை. நான் அப்போது இளைஞர் மன்றத் தலைவன். எனக்கு இருந்த கோபத்துக்குப் பெயர் சாதி. அதை அப்படியே வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் அதற்கு ஒரு வேதக் காரணம் தேடினேன். காதலர் தினம் புறமதத்தாரின் பேய்த் திருவிழா என்று ஒரு நோட்டீஸ் எழுதி, அச்சடித்து, கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். கடைசிப் பத்தியில், "நமது பாடகர் குழுவிலேயே பாட்டுப் புத்தகத்துக்குள் அட்டையை ஒளித்து வைக்கும் பெண்பிள்ளைகள் உண்டு" என்று எழுதினேன். பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, ஊருக்கே தெரிந்துவிட்டது.

செலின் அசையவில்லை. உன் தாத்தா மூன்று மாதம் முறைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் சம்மதித்துவிட்டார். அப்போதிருந்த பங்குச் சாமியாரும் துணை நின்றார். அடுத்த வருஷம் பிப்ரவரியில் ஓலை வாசித்தார்கள். சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம். இரண்டாம் ஓலை முடிந்த அன்று நான் சாமியாரைத் தனியாகப் பார்த்து, "அருள் திருப்பூர்ல ரெண்டு வருஷம் வேலை பாத்தப்ப அங்க ஒரு குடும்பம் இருந்துச்சுன்னு கேள்விப்பட்டேன் சாமி" என்றேன். யாரிடமும் நான் அப்படிக் கேள்விப்படவில்லை. அந்தப் பொய் விசாரணையில் நிற்காது என்றும் எனக்குத் தெரியும். அது நிற்கவே வேண்டியதில்லை, பிரின்ஸ். சாமியார் திருப்பூருக்கு எழுதிக் கேட்பார், பதில் வரப் பத்து நாளாவது ஆகும், மூன்றாம் ஓலை நின்றுபோகும், சாம்பல் புதன் வந்துவிடும். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை நாற்பது நாள் தவக்காலம், அதில் கல்யாணம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தட்டிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் தள்ளிப்போகும் என்று காலண்டரை எடுத்து வைத்து எண்ணிப் பார்த்தேன். இயேசு பாடுபட்ட நாட்களை நான் அதற்குப் பயன்படுத்தினேன்.

கணக்குத் தப்பவில்லை. நாற்பது நாளில் ஊர் வாய் சும்மா இருக்குமா? அருளின் அம்மாவைத் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதே கேட்டார்கள், "உன் மருமக திருப்பூர்ல இருக்காளாமே?" என்று. திருப்பூரிலிருந்து பதில் வந்தபோது தவக்காலம் மூன்றாம் வாரம். அப்படி எதுவும் இல்லை, நல்ல பையன் என்று எழுதியிருந்தார்களாம். அதற்குள் அவர்கள் வீட்டில் முடிவெடுத்துவிட்டார்கள். "எங்க பிள்ளைய சந்தேகப்பட்ட வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்" என்று சொல்லியனுப்பினார்கள். அருள் நீடாமங்கலம் போய்ப் பட்டறை வைத்தார். ரொம்ப நாள் கழித்து அங்கேயே கல்யாணம் முடித்தார். தடை சொன்னது யார் என்று சாமியார் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

செலின் கேட்டாள். கொல்லையில் வைத்து, "அண்ணே, நீதானா?" என்று கேட்டாள். அப்போது நீ உன் அம்மா வயிற்றில் ஆறு மாதம். "பொறக்கப் போற என் பிள்ளை மேல சத்தியமா நான் இல்ல" என்றேன். "சரிங்க" என்றாள். அன்றிலிருந்து இன்றுவரை என்னை நீங்க, வாங்க, போங்க என்றுதான் பேசுகிறாள். உனக்கு ஒவ்வொரு முறை காய்ச்சல் வந்தபோதும், நீ பத்தாவது பரீட்சைக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து விழுந்தபோதும், நான் மட்டும் ஏன் அப்படி ஆடிப்போனேன் என்று உன் அம்மாவுக்குத் தெரியும்.

இப்போது நாளைக்கு வருகிறேன். மெர்சி வீட்டாரும் அருள் வீட்டாரின் சாதிதான் என்று செலினுக்குத் தெரியும். சம்பந்தம் பேசத் திருவையாற்றுக்கு நான் சிரித்துக்கொண்டே போய் வந்ததும் தெரியும். தங்கைக்குக் கூடாது என்றது மகனுக்கு மட்டும் எப்படி ஆகும் என்று அவள் கேட்பாள். நான் திருந்திவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் திருந்தியவன் முதலில் அவளிடம் போயிருக்க வேண்டும், பெண் பார்க்கப் போயிருக்கக் கூடாது. காலண்டரும் அதே மாதிரி அமைந்திருக்கிறது. பதினெட்டாம் தேதி சாம்பல் புதன். நாளை அவள் எழுந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாமி விசாரிக்காமல் விடமுடியாது. மண்டபம், சமையல், உன் லீவு எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். மெர்சியின் அம்மாவை அவர்கள் தெருவில் நாலு பேர் நிறுத்திக் கேட்பார்கள். "அவ வந்து எது சொன்னாலும் சொல்லட்டும். அதுக்கு முன்னாடி மைக்கைப் பிடிச்சு நீங்க சொல்லிடுங்க" என்கிறாள் உன் அம்மா. சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன்.

நீ கேட்ட இரண்டு நிமிஷப் பேச்சுக்காகப் போன வாரம் முழுவதும் படித்தேன். சாமியிடம் புனிதர் வரலாறுகள் கேட்டு வாங்கினேன், மீதியை நீ வாங்கித் தந்த போனில் தேடினேன். பழைய ரோமாபுரியில் பிப்ரவரி நடுவில் ஆட்டைப் பலியிட்டு, அதன் தோலை வாராகக் கிழித்து, எதிர்ப்பட்ட பெண்களை அடித்துக்கொண்டே ஓடும் ஒரு திருவிழா இருந்தது. என் நோட்டீஸில் அதைத்தான் விலாவாரியாக எழுதியிருந்தேன். திருவிழா இருந்தது உண்மை, பாப்பரசர் ஒருவர் அதைக் கண்டித்ததும் உண்மை. அதிலிருந்துதான் இந்த நாள் வந்தது என்பதற்குத்தான் சான்று இல்லையாம். சான்று இல்லாததை உறுதியாகச் சொல்வதில் நான் அப்போதே கெட்டிக்காரனாக இருந்திருக்கிறேன்.

வாலண்டைன் என்ற பெயரில் ரோமையில் ஒரு குரு இருந்தார், கொஞ்சம் வடக்கே ஓர் ஆயர் இருந்தார். இருவரும் ஒரே ஆள்தான் என்பவர்களும் உண்டு. விசுவாசத்துக்காகத் தலையைக் கொடுத்தார், கல்லறை மேல் கோவில் கட்டினார்கள், பிப்ரவரி பதினாலில் அவரை நினைத்தார்கள். உறுதியாகத் தெரிவது ஏறக்குறைய அவ்வளவுதான். கல்யாணமான வீரர்கள் போருக்கு வரத் தயங்குகிறார்கள் என்று பேரரசன் கல்யாணத்தையே தடுத்தான், இவர் மறைவாகச் செய்து வைத்தார், அதனால் செத்தார் என்ற கதை பல நூறு வருஷம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. காதல் சேர்ந்தது இங்கிலாந்தில். அந்த நாளில் பறவைகள் ஜோடி தேடும் என்று அங்கே நம்பினார்களாம். அட்டையும் சாக்லேட்டும் பலூனும் கடைக்காரர்கள் கைங்கரியம். நான் பிறந்த சமயத்தில் திருச்சபை நாள்காட்டியைத் திருத்தியபோது, அவரைப் பற்றித் தெரிந்தது குறைவு என்று அந்த நாளை வேறு இரண்டு புனிதர்களுக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் மறைசாட்சிகள் பட்டியலிலிருந்து அவரை நீக்கவில்லை.

அந்த ரகசியக் கல்யாணக் கதையை இந்த வாரம் நான்கைந்து தடவை படித்தேன். நடந்ததோ இல்லையோ, யாரோ ஒரு கிறிஸ்தவனுக்கு அப்படி ஒரு கதை தேவைப்பட்டிருக்கிறது. இரண்டு பேர் மனமொத்துக் கேட்டால் தலை போனாலும் கல்யாணத்தை மந்திரித்து வைப்பவன்தான் குரு என்று அவன் நினைத்திருக்கிறான். அந்தக் கதையில் கல்யாணத்தைத் தடுக்கிற ஆள் ஒருவன் இருக்கிறான். நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து நான் புனிதர் பக்கம் நின்று பேசுவதாகத்தான் நினைத்திருந்தேன். பேரரசனுக்காவது போர் என்று ஒரு காரணம் இருந்தது. பலூன் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது, ஆனால் மண்டபத்தில் கட்ட வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. மறைசாட்சிகளின் நாளில் சாமியார் சிவப்பு உடுப்பது ரத்தத்துக்காக என்பதை மட்டும் மெர்சியிடம் சொல்லி வை.

மற்றபடி அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை. இரண்டு மட்டும் சொல்கிறேன். உங்களுக்குள் சண்டை வரும்போது "கேள்விப்பட்டேன்" என்ற வார்த்தையை வீட்டுக்குள் விடாதே, யார் சொன்னார்கள் என்று சொல்ல முடியாததை வாயில் எடுக்காதே. அதேபோல, உன் கோபத்துக்கு வேதத்தில் இடம் தேடாதே. தேடினால் கிடைத்துவிடும், அதுதான் ஆபத்து. மீதியை நாளைக்குப் பூசை முடிந்து எழுதுகிறேன்.

ஞாயிறு மத்தியானம். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

பூசை தொடங்கி இரண்டாம் வாசகத்தின்போது செலின் உள்ளே வந்தாள். நம் பக்கம் வரவில்லை. அருள் வீட்டார் உட்காரும் பக்கத்தில், நடுவரிசையில் போய் உட்கார்ந்தாள். தலைகள் திரும்பின. அறிவிப்பு நேரம் வந்ததும் நான் மைக்கிடம் போனேன். முதலில் என் கதையைச் சொல்லிவிட்டு அப்புறம் ஓலையை வாசிப்பது என்று முடிவு செய்திருந்தேன். மைக்கைச் சரிசெய்தேன், தொண்டையைச் செருமினேன், கையில் இருந்த தாளைப் பார்த்தேன். பார்த்ததும் வாய் தானாக ஓலையை வாசிக்க ஆரம்பித்துவிட்டது. உன் பெயர்கூட இன்னும் வரவில்லை. செலின் எழுந்து நடந்து முன்னால் வந்தாள்.

"சாமி, ஒரு தடை இருக்குது" என்றாள். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சாமி சின்ன வயதுக்காரர், ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "தடை மாப்பிள்ளைக்கும் இல்ல, பொண்ணுக்கும் இல்ல. வாசிக்கிறவருக்குத்தான். இந்த ஓலைய நான் வாசிக்கிறேன்" என்றாள் செலின். சாமி தலையசைத்தார். அவள் என் கையிலிருந்து தாளை வாங்கினாள். உன் பெயரையும் மெர்சி பெயரையும் நிறுத்தி, நிதானமாக வாசித்தாள். தடை ஏதேனும் அறிந்தவர்கள் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் பார்த்தாள். அது எனக்கான இடம். அங்கேதான் நான் பேசியிருக்க வேண்டும். கோவிலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மிச்சத்தை வாசித்து முடித்து, தாளை மடித்து என்னிடம் தந்துவிட்டு, வந்த பக்கமே போய் உட்கார்ந்தாள். உன் கல்யாணத்துக்குத் தடை இல்லை, பிரின்ஸ். அதைச் சொன்னது நான் அல்ல, உன் அத்தை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அவள் பின்னாலேயே ஓடினேன். "செலின், அன்னிக்கு கொல்லையில நீ கேட்டியே" என்று ஆரம்பித்தேன். கையை நீட்டித் தடுத்துவிட்டாள். "இங்க என் காதுல சொல்ல வேணாம். எங்க ஒட்டுனீங்களோ அங்க சொல்லுங்க" என்றாள். கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். மடிப்பெல்லாம் கிழிந்து, டேப் போட்டு ஒட்டியிருந்தது. என் நோட்டீஸ். அன்றைக்கே பலகையிலிருந்து கிழித்து வைத்திருக்கிறாள். "சனிக்கிழமை ரெண்டு நிமிஷம் பேசச் சொன்னானாமே பிரின்ஸு. புதுசா எதுவும் பேசாதீங்க. மேடையில இத வாசிங்க. ஒரு எழுத்து விடாம வாசிங்க. அப்புறம் யாருக்காக எழுதுனீங்கன்னு சொல்லுங்க."

நேற்று உனக்கு ஒரு கடிதம் எழுத ஆரம்பித்ததைச் சொன்னேன். அதை அந்தப் பலகையிலேயே ஒட்டுகிறேன் என்றேன், அவள் பெயரை அதில் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. போன தடவை பேரு போடாமத்தானே எழுதுனீங்க, என்ன ஆச்சு?" என்றாள். இரண்டடி போய்விட்டுத் திரும்பினாள். "என் பேரு என் இஷ்டம். அருளோட பேரு அவரு இஷ்டம். ஒட்டுறதுக்கு முன்னாடி அவர்கிட்டப் போய்க் கேளுங்க." சனிக்கிழமை வருவாயா என்று கேட்டேன். "பிரின்ஸுக்காக வருவேன்" என்றாள். தஞ்சாவூர் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

இப்போது வண்டியை எடுத்துக்கொண்டு நீடாமங்கலம் கிளம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் பட்டறை திறந்திருக்குமாம், அறுவடைச் சமயம் அல்லவா. இந்தக் கடிதத்தை அருளிடம் முழுவதும் வாசித்துக் காட்டுவேன். அவர் என்ன சொன்னாலும், என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வேன். அவர் பெயர் வேண்டாம் என்றால் அதை மட்டும் அடித்துவிட்டு ஒட்டுவேன். ஒட்டியதும் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன். ஊர் படிக்கிற அதே நேரத்தில்தான் நீயும் படிப்பாய், அதற்கு என்னை மன்னித்துவிடு. வியாழக்கிழமை நீ வந்து இறங்கும்போது என்னிடம் பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம். ஆனால் சனிக்கிழமை மேடையில் அந்த நோட்டீஸை நான் வாசித்து முடிக்கும்வரை மெர்சியோடு நின்று கேள்.

பிறப்பதற்கு முன்பே உன் மேல் செய்த சத்தியத்தை இத்துடன் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

செலின், பலகையைப் பார்க்க நீ வருவாய் என்று எனக்குத் தெரியும். கொல்லையில் நீ கேட்டதற்குப் பதில் இது. ஆமாம், நான்தான்.

அப்பா